பிளாக்குல விரிசல்

உங்க தோப்புக்குத் தண்ணி இறைச்சுக்கிட்டு இருக்கே, அது என் ஜீப்போட இன்ஜின்ணே.

பதறாதீங்க, சண்டைக்கு வரலை. திண்டுக்கல் காயலான் கடைக்காரன் உங்களுக்குக் கொடுத்தான், அவனுக்கு நான் கொடுத்தேன், அதுல ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனா அது எனக்குத் திரும்ப வேணும். எதுக்குன்னு சொன்னா நீங்களே எடுத்துட்டுப் போய்யான்னு சொல்லிருவீங்க. இப்படி இந்தத் தேங்கா மட்டை மேலயே உட்கார்ந்துக்கிறேன். நாற்காலியெல்லாம் வேண்டாம்.

என் பேரு சன்னாசி. ஊரு பெரும்பாறை. கரண்ட் ஆபீஸ்ல போர்மேனா இருந்து போன வைகாசியில ரிட்டயர் ஆனேன். சர்வீஸ்ல முக்கால்வாசி கம்பம் ஊர்ப் பக்கம். சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன், திங்கக்கிழமை விடியக்காலைல முத பஸ்ஸைப் பிடிச்சுருவேன். இருபத்தெட்டு வருசம் இப்படித்தான். வீட்டுல எம் பொண்டாட்டி நாகஜோதி, அப்புறம் இந்த ஜீப்பு. எண்பத்திநாலு மாடல், டீசல், நாலு சக்கரமும் இழுக்கும். என் மாமனார் வாங்கினது. அவருக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை, அதனால பொண்ணுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்துட்டுப் போயிட்டார். அவர் போனதுக்கப்புறம் ஜீப்பு நமக்குன்னு ஆயிருச்சு. ஓட்டுறது அவ. வண்டி நம்ம வண்டி.

மூங்கில்கொம்புன்னு ஒரு ஊரு இருக்குண்ணே, எங்களுக்கு மேல. நாப்பது வீடு. பெரும்பாறையில இருந்து எட்டு கிலோமீட்டர், பூராம் கல்லுப் பாதை. பஸ் கிடையாது, ஆட்டோ ஏறாது. நாகஜோதி காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஏத்துறது ஆளு, ரேஷன் மூட்டை, கேஸ் சிலிண்டர். இறக்குறது காப்பி, மிளகு, பலாப்பழம், காய்ச்சல்காரங்க. அந்த ஊர்ல அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ஜீப்பு அக்கான்னுதான்.

ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த முத வாரம், அவ சோறு போட்டுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னா. "வண்டி லேசாப் புகை தள்ளுதுங்க. ரிங்கு தேஞ்சிருக்கும்போல. வத்தலக்குண்டுல சிக்கந்தர் பாய்கிட்ட ஒரு நாலு நாள் விடணும்."

அம்புட்டுதான் சொன்னா. நான் என்ன நினைச்சேன்? இத்தனை வருசமா இவளுக்கு நாம ஒண்ணும் செஞ்சதில்லை. இப்பக் கையில நேரம் இருக்கு. செய்யிறதைத் திருத்தமாச் செஞ்சு கொடுப்போம்னு நினைச்சேன். இது தப்பாண்ணே? நீங்களே சொல்லுங்க.

"நீ விடு, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லி வண்டியை நானே கொண்டுபோனேன். சிக்கந்தர் பாய் கழட்டிப் பார்த்துட்டு, "ஜோதியம்மா சொன்னது சரிதான் சார், ரிங்கு மட்டும் போட்டாப் போதும்"னார். நான் விடலை. ஸ்லீவு மாத்துங்க, பிஸ்டன் மாத்துங்க, பேரிங்கு பூராம் மாத்துங்க, கிராங்கைக் கடைசல் பிடிங்க, ஹெட்டைச் சீவுங்கன்னேன். தினம் பஸ் ஏறிப்போய் அவர் பட்டறையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்குவேன். நாலு நாள் வேலை ஒன்றரை மாசம் ஆச்சு. பாய் மெதுவான ஆளு. நான் பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல இன்னும் மெதுவா ஆயிட்டார். ஏன்னு தெரியலை.

ஆடி கடைசியில இன்ஜின் ஏறிச்சு. பாய் சாவியைக் கொடுத்துட்டு, "சார், உள்ள எல்லாம் புதுசு. மொத ஆயிரம் கிலோமீட்டருக்கு அழுத்தாதீங்க. ஒண்ணோட ஒண்ணு உராஞ்சு பதமாகட்டும். அதுவரைக்கும் இழுவை கம்மியாத்தான் தெரியும்"னார். சரி சரின்னு தலையாட்டிட்டு ஏறினேன்.

சித்தரேவைத் தாண்டி மலை ஏறுறேன். பின்னாடி ஒரு புது வண்டி. வெள்ளைக் கலர், மெட்ராஸ்காரங்க போல, கண்ணாடியெல்லாம் கறுப்பு. ஹாரன் அடிக்கிறான். நான் எங்க ஒதுங்க? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுல கொஞ்சம் அகலம் கிடைச்சதும் விருட்டுன்னு தாண்டிப் போறான். பின் சீட்டுல ஒரு சின்னப் பிள்ளை, எனக்கு டாட்டா காட்டுது. நான் ரெண்டாவது கியர்ல முக்கிக்கிட்டு இருக்கேன். இம்புட்டுச் செஞ்சும் இந்த இழுவைதானா? எனக்கு அன்னைக்குச் சோறே இறங்கலை.

நாகஜோதிகிட்டச் சொன்னேன். அவ சிரிக்கிறா. "அவங்க சுத்திப் பார்க்க வந்தவங்க, போகட்டும். நமக்கு எதுக்கு வேகம்?" அப்படிங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? அதாவது, ஓட்டத் தெரியும். நல்லா ஓட்டுவா. அதைச் சொல்லலை நான்.

அப்பத்தான் ஜெரால்டு கிடைச்சான். கோயம்புத்தூர்ல பழைய ஜீப்பையெல்லாம் எடுத்துப் புதுசாக்கித் தர்ற பட்டறை. போன்ல ஒரு படம் பார்த்தேன், சேத்துக்குள்ள பன்னி மாதிரிப் பாயுது அவன் பண்ணின வண்டி. நேர்ல போனேன். விபத்துல மாட்டின ஒரு புது வண்டியோட இன்ஜின் வச்சிருந்தான். டர்போ. நம்ம பழைய இன்ஜினை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி. போடலாமான்னு கேட்டேன். போடலாம் சார்ங்கிறான். உங்க கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் இதைத் தாங்காது, அதையும் சேர்த்து மாத்தினாத்தான் சரியா வரும்னும் சொன்னான். அதுக்கு இன்னும் ரெண்டு மாசம்னான். முதல்ல இன்ஜினைப் போடு, பிறகு பார்ப்போம்னு நான்தான் சொன்னேன். ஆனா ஒண்ணுண்ணே, தாங்கவே தாங்காதுன்னா அதை அழுத்திச் சொல்லணுமா வேண்டாமா? ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டா எப்படி?

பழைய இன்ஜின் வெளிய வந்துருச்சு. அதை வச்சு என்ன பண்றது, திண்டுக்கல் கடைக்காரனுக்குத் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்தா நாகஜோதி கேக்குறா, "வண்டி எங்க?"

அந்த இடத்துல நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. பாய் ஒன்றரை மாசம் வேலை பார்த்த இன்ஜினை, முந்நூறு கிலோமீட்டர் கூட ஓடாததை, இழுவை பத்தலைன்னு கழட்டிட்டேன்னு எப்படிச் சொல்றது? அதனால, "இன்ஜின் பிளாக்குல விரிசல் விட்டுருச்சு ஜோதி, இனி அது ஆகாதாம்"னு சொன்னேன்.

அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தவ கையை எடுத்துட்டு நிமிர்ந்தா. "யார் சொன்னா?"

"பாய்தான் சொன்னார்."

"பாய் சொன்னாரா?"

"ஆமா."

"சிக்கந்தர் பாயா சொன்னார்?"

மூணு தடவை கேட்டாண்ணே. நானும் மூணு தடவை ஆமான்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

தீபாவளிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னான் ஜெரால்டு. தீபாவளி போச்சு. இன்ஜின் உட்காரக் கட்டை மாத்தணும்னான், ரேடியேட்டர் பத்தலைன்னான், பம்பர் முட்டுதுன்னான். வயரிங் ஒரு மாசம். அந்த இன்ஜினுக்கு மூளை இருக்குண்ணே, ஒரு டப்பா. அந்த டப்பாவுல இருந்து முடி மாதிரி வயர் போகுது, ஒவ்வொரு வயருக்கும் ஒரு சென்சார். நான் எத்தனை டிரான்ஸ்பார்மர் பார்த்தவன், எத்தனை லைன் இழுத்தவன், எனக்கே அது பிடிபடலை. நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு யோசனை சொன்னா, அவன் காதுல பாட்டுக் கேக்குற வயரை மாட்டிக்கிறான். மரியாதை தெரியாத பயல்.

இங்க மலையில காப்பி பழுத்துருச்சு. கார்த்திகை, மார்கழி ரெண்டும் காப்பிப் பழத்துக்குத்தான். மூங்கில்கொம்புக்காரங்க தலைச்சுமையா இறக்குனாங்க. மட்டக்குதிரை வச்சு ரெண்டு பேர் இறக்குனாங்க. நாகஜோதி என்ன பண்ணினா தெரியுமா? பெரும்பாறை எஸ்டேட்டுல டிராக்டர் டிரைவராச் சேர்ந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ரிட்டயர்டு போர்மேன் பொண்டாட்டி, அடுத்தவன் டிராக்டர்ல உட்கார்ந்து உரம் ஏத்திக்கிட்டுப் போறா. அதைப் பார்த்துட்டு டீக்கடையில ஒருத்தன் என்கிட்டயே கேக்குறான், "என்ன சார், வண்டி எப்ப வரும்?" தினம் கேக்குறான். தினம்!

பேச்சும் குறைஞ்சு போச்சு. சோறு போடுவா, மாத்திரையை எடுத்து வைப்பா. "என்ன கோவம்?"னு கேட்டா, "கோவம் ஒண்ணுமில்லை"ங்கிறா. டிராக்டர் வேலை அலுப்பு போலன்னு விட்டுட்டேன்.

தை பொறந்து வண்டி வந்துச்சு. நிஜமாச் சொல்றேன்ணே, தார் ரோட்டுல அதை ஓட்டினப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு ஆயிருச்சு. அன்னைக்கு அந்த வெள்ளை வண்டிக்காரன் மட்டும் வந்திருந்தான்னா, விட்டிருக்க மாட்டேன். வீட்டு வாசல்ல நிறுத்தி, மாலை போட்டு, சாவியை அவ கையில கொடுத்தேன். அவ பானட்டைத் தூக்கிப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. "இதுல நான் என்னத்தைத் தொட?"ன்னு கேட்டா. தொடவே வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர்னேன்.

மறுநாள் காலைல பத்துப் பேரு, அஞ்சாறு மூட்டை. அவ ஓட்டுறா, நான் பக்கத்துல. மூணாவது கொண்டை ஊசி வளைவு. மஞ்ச லைட்டு ஒண்ணு எரிஞ்சுச்சு. அவ்வளவுதான், இழுவை செத்துப்போச்சு. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் கெஞ்சுது. ஜெரால்டுக்குப் போன் அடிச்சா சொல்றான், "ஏதோ சென்சார்ல ஈரம் பட்டிருக்கும் சார், இன்ஜின் தன்னைத்தானே காப்பாத்திக்கிறதுக்காகச் சக்தியைக் குறைச்சுக்கும்." அது தன்னைக் காப்பாத்திக்குதாம்! பின்னாடி பத்து உசுரு உட்கார்ந்திருக்கே, அதை யாரு காப்பாத்துறது? மலைன்னா பனி இருக்கும், பாதைன்னா தண்ணி இருக்கும். ஈரம் படாம மலை ஏற முடியுமா?

நாகஜோதி கியர்ல போட்டு நிறுத்தினா, எல்லாரையும் இறங்கச் சொல்லி டயருக்குக் கல்லு வச்சா. ஒரு மூட்டையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டு, அவங்களோட நடந்து மேல போயிட்டா. நான் அந்த வளைவுல வண்டிக்குக் காவல் இருந்தேன்.

அதைச் சரி பண்ணினோம். பத்து நாள். மறுபடி மாசியில, கல்லுல சக்கரம் மாட்டிக்கிச்சு. நானே ஓட்டினேன் அன்னைக்கு. அவ, "மெதுவா, மெதுவா, பாதி கிளட்ச்சுல விடுங்க"ங்கிறா. இவ்வளவு சக்தியை வச்சுக்கிட்டு எதுக்கு மெதுவான்னு ஒரு மிதி மிதிச்சேன். பின்னாடி மடார்னு ஒரு சத்தம். பின் ஆக்சிலுக்குள்ள பல்சக்கரம் உடைஞ்சு தூளாயிருச்சு. ஜெரால்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்"ங்கிறான். சொன்னான். சொன்னான்தான். எல்லாரும் முன்னாடியே சொல்லிடறாங்கண்ணே, எனக்குத்தான் அது வேற மாதிரிக் கேக்குது.

இப்ப வண்டி வீட்டு முன்னாடி மரக்கட்டை மேல நிக்குது.

இதோட போயிருந்தாலும் நான் இங்க வந்திருக்க மாட்டேன். பங்குனியில மூங்கில்கொம்புல மாரக்காள்னு ஒரு பொம்பளை, மிளகு பறிக்க ஏணியில ஏறினவ விழுந்துட்டா. இடுப்பு எலும்பு. மூங்கில்ல கம்பளியைக் கட்டித் தூளி மாதிரி பண்ணித் தூக்கிட்டு வந்தாங்க. எட்டு கிலோமீட்டர். நான் டீக்கடை வாசல்ல நின்னு பார்க்கிறேன். முன்னாடி ரெண்டு ஆம்பளைங்க, பின்னாடி ஒரு ஆம்பளை, கூட நாகஜோதி. தகவல் தெரிஞ்சு டிராக்டரைப் போட்டுட்டு மேல ஏறிப் போயிருக்கா. அந்தப் பாதையில டிராக்டர் டிரெய்லரைக் கொண்டுபோக முடியாது. தோள்ல துண்டைச் சுருட்டி வச்சிருக்கா. மாரக்காள் வலியில கத்துறா. இவ, "இந்தா வந்துட்டோம் மாரக்கா, இந்தா ரோடு வந்துருச்சு"ன்னு சொல்லிக்கிட்டே வர்றா. என் வீட்டு முன்னாடிதான் போறாங்க. கட்டை மேல நிக்கிற ஜீப்பைத் தாண்டித்தான் போறாங்க. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கலை. பார்த்திருந்தாக் கூடத் தேவலை.

ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டுட்டு வந்தா. தோள்ல தோல் வழண்டிருந்துச்சு. தேங்கா எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தா. நான் தடவிவிடட்டுமான்னேன். வேண்டாம்னா. அப்புறம் கேட்டா, "அந்த விரிசல் விட்ட பிளாக்கை என்னங்க பண்ணுனீங்க?"

"உடைச்சுட்டாங்க ஜோதி. கடைக்காரன் அன்னைக்கே உடைச்சுட்டான்."

"சரி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாளே திண்டுக்கல் போனேன். கடைக்காரன் சிரிக்கிறான். "அதையா? அதை எவன் உடைப்பான்? கழட்டிப் பார்த்தா உள்ள புதுப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. சித்தரேவுல ஒரு தோப்புக்காரர் பம்புக்கு முழுசா வாங்கிட்டுப் போயிட்டார்"ங்கிறான். விசாரிச்சு விசாரிச்சு இங்க வந்து நிக்கிறேன். உங்க வேலிக்கு வெளிய நின்னு அரை மணி நேரம் கேட்டேண்ணே. ஒரு பிசிறு இல்லை. பாய் சொன்ன மாதிரி பதமாகி நிக்குது.

நான் சும்மா கேக்கலை. அந்த டர்போ இன்ஜினை உங்களுக்குத் தந்துடறேன். ரெண்டு மடங்கு சக்தி. இப்ப ரெண்டு மணி நேரத்துல பாயிற தண்ணி, அரை மணி நேரத்துல... ஏண்ணே சிரிக்கிறீங்க? சென்சாரா? இங்க மலையா பனியா, இங்க என்ன ஈரம்? ஆமா, பம்பு செட்டுன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். சரி, அதை விடுங்க.

என்ன சொல்றீங்க? யாருக்கு வாக்குக் கொடுத்துட்டீங்க?

யாரு?

நாகஜோதியா? எம் பொண்டாட்டி நாகஜோதியா? இங்க வந்தாளா? எப்ப?

மார்கழியில இருந்தா!

யாரு கூட்டிட்டு வந்தது? சிக்கந்தர் பாயா? அவருக்கு எப்படித் தெரியும்? ஓ, இங்க பம்போட இணைச்சுக் கொடுத்ததே அவர்தானா. அவர் போட்ட ஸ்லீவு அவருக்குத் தெரியாதா. அப்ப பிளாக்குல விரிசல் இல்லைன்னு அவளுக்கு மார்கழியிலயே... இல்லை, அதுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு மூணு தடவை கேட்டாளே.

மாசம் ஒரு தடவை வருவாளா? வந்து? ஆயில் பார்ப்பாளா? வால்வு சத்தம் வந்ததை அவதான் சரி பண்ணினாளா? டிராக்டர்ல லீவு போட்டுட்டு வருவாளா? என்கிட்டச் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவா. நானும் ரெண்டு தடவை வெத்தலை வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கேன்.

ஆனி மாசம் உங்களுக்குச் சோலார் பம்பு வந்ததும் இன்ஜின் அவளுக்கு. சரி. பாய் வந்து இறக்கி ஜீப்புல மாட்டிக் கொடுப்பார். அதுவும் பேசியாச்சு. எல்லாம் பேசியாச்சு. நான் ஒருத்தன்தான் பேசலை.

என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாண்ணே? இல்லை, திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க. ஒண்ணும் சொல்லலையா? ஒண்ணுமேயா? "எங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவர்"னு மட்டும் சொன்னாளா. வேற?

மாரக்காளைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு, அவளுக்கு எல்லாம் தெரியும். இன்ஜின் இங்க ஓடுறதும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்கிட்டக் கேட்டிருக்கா. நான் வாயைத் திறந்து சொல்றதுக்கு ஒரு வழி விட்டிருக்கா. நான் உடைச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்.

மோர் வேண்டாம்ணே. இருங்க, கோவிச்சுக்காதீங்க, சரி கொடுங்க, குடிக்கிறேன்.

இல்லை, நான் கேட்டதை மறந்துருங்க. அவளுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும். நான் வந்துட்டுப் போனதை நீங்க அவகிட்டச் சொல்லாதீங்க. பயந்துக்கிட்டுச் சொல்லலை. அவ டிராக்டரு நாலு மணிக்கு எஸ்டேட் கேட்டுக்கு வந்துரும். ரெண்டே கால் பஸ்ஸைப் பிடிச்சா அதுக்குள்ள போயிருவேன். கேட்டுல நின்னு, அவ இறங்கினதும் சொல்லிடணும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சா, சோத்துக்கு அப்புறம்னு தோணும், அப்புறம் நாளைக்குன்னு தோணும்.

அவளுக்குத்தான் தெரியுமேங்கிறீங்களா? தெரியட்டும்ணே. ஆகாதுன்னு சொன்னவன் நான். நல்லா ஓடுதுன்னும் என் வாயாலதான் அவ கேக்கணும்.